நிறைஞ்சிருக்கு

ஆகஸ்ட் 4, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஏழு மாதமாகக் கிளினிக் இழுப்பறையில் சும்மா கிடந்தது. பல் டாக்டரிடம் வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கிற எனக்கு எழுத என்ன இருக்கிறது. இன்று வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். மாடித் தோட்டம் போடப் போகிறேன். எதை என்றைக்கு விதைத்தேன் என்று எழுதி வைக்காவிட்டால் மறந்துபோகும்.

சாயங்காலம் கடையில் தக்காளி விலையைக் கேட்டேன். அரைக் கிலோ என்று சொல்லத் திறந்த வாய், கால் கிலோ என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. கடைக்காரர் ஒரு காய் கூடுதலாகப் போட்டார். விலையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்த இரக்கம்தான் பொறுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் குஜராத்தில் வெல்டிங் கான்ட்ராக்டுக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. போனில் தோட்ட யோசனையைச் சொன்னதும் சிரித்தார். “கோமளா, தை வரைக்கும் கடைக்குப் போகாம வீட்டை ஓட்டிக் காட்டு. நான் இதை விட்டுட்டுத் திருச்சிக்கே வந்துடறேன். கெடைச்ச வேலையைப் பாத்துக்கலாம்” என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் தாரணி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நாலாம் வகுப்பு. பென்சில் நின்றுவிட்டது.

“நெஜமாவா, அம்மா?” என்றாள். நெஜம்தான் என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பெயின்ட் டப்பா இருபத்திரண்டு, பழைய சிமென்ட் சாக்கு ஒன்பது. செம்மண், மாட்டு எரு, தேங்காய் நார்த் தூள். கத்தரி, வெண்டை, கொத்தவரை, தக்காளி, மிளகாய், தண்டுக்கீரை. ஆடிப் பட்டம் இன்னும் முடியவில்லை. முதுகு முடிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ரெஜினாக்கா மதில் மேலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன கோமளா, மார்க்கெட்டையே மூடவச்சிருவ போல” என்றாள். மூடட்டுமே.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வடிவு அண்ணி வந்துவிட்டாள். இவருடைய அக்கா. அவள் வீட்டுக்காரர், அண்ணன், இறந்து எட்டு மாதமாகிறது. குளித்தலையில் தனியாக இருந்தாள். இனி எங்களோடு. எனக்கும் நல்லதுதான், நான் ஒன்பது மணிக்குப் போனால் ஏழு மணிக்கு வருகிறவள். தாரணிக்கு வீட்டில் ஆள் ஆயிற்று.

ஒரு பெட்டித் துணியும் மூடி போட்ட மூன்று பெரிய நீல ட்ரம்மும் கொண்டுவந்தாள். சாமான் அறையில் இறக்கினோம். என் ஒரு மூட்டை அரிசி, ரேஷன் அரிசி எல்லாவற்றையும் முதல் ட்ரம்மில் கொட்டி வசம்பு போட்டாள். துவரம் பருப்பில் செம்மண் தடவிக் காயவைத்து இரண்டாவதில் போட வேண்டும் என்றாள். அவள் சொல்லச் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது. விஷயம் தெரிந்தவள்.

ஒரே ஒரு கண்டிப்பு. அந்த அறைக்குள் “இல்லை”, “தீர்ந்துபோச்சு” என்ற சொற்களே வரக்கூடாதாம். எது தீர்ந்தாலும் “நிறைஞ்சிருக்கு” என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் அம்மாவும் உப்பு தீர்ந்தால் அப்படிச் சொல்வாள், புதுசு ஒன்றும் இல்லை. ஆனால் அண்ணி எல்லாவற்றுக்கும் சொல்கிறாள். “எண்ணெய் நிறைஞ்சிருக்கு” என்றால் எண்ணெய் வாங்க வேண்டும். “கேஸ் நிறைஞ்சிருக்கு” என்றால் சிலிண்டர் பதிய வேண்டும். நானும் தாரணியும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். “அத்தை, என் பென்சில் நிறைஞ்சிருக்கு” என்றாள் தாரணி. அண்ணி சிரிக்கவில்லை. “ஆமா கண்ணு, அப்படித்தான் சொல்லணும். அது கேட்டுக்கிட்டே இருக்கும்” என்றாள்.

எது என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

முதல் அறுவடை. தண்டுக்கீரை ஒரு கட்டு. கடைக்குப் போகாமல் பத்து நாள்.

தாரணியின் மதிய டப்பாவுக்கு முறை வைத்துவிட்டேன். திங்கள் எலுமிச்சை, செவ்வாய் தக்காளி, புதன் புளி, வியாழன் தயிர், வெள்ளி கீரைச் சாதம். காலையில் யோசிக்கிற வேலை மிச்சம். டப்பா தினமும் காலியாக, கழுவிக்கூட வருகிறது. முன்பெல்லாம் பாதியைக் கொண்டுவந்து திட்டு வாங்குவாள். அண்ணி வளர்ப்பு.

அரிசி மட்டம் தெரிய ட்ரம்முக்குள்ளே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். சிவப்புப் பொட்டு. அரிசி சரியாக அதன் நெற்றிவரை இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

பொட்டைக் காணவில்லை. விழுந்துவிட்டது என்று கையை விட்டுத் துழாவினேன். விழவில்லை. அரிசிக்கு நாலு விரல் கீழே அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பது நாள் மூன்று பேர் சாப்பிட்டிருக்கிறோம். குறைந்திருக்க வேண்டும். உயர்ந்திருக்கிறது.

அண்ணியிடம் கேட்டேன். “நல்ல வார்த்தை பேசற எடத்துல குறையாது” என்றாள். சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன். கேலி செய்ய வாய் வரவில்லை. ஊரெல்லாம் அரிசி விலையைப் பற்றிப் பேச, என் வீட்டில் மட்டும் ஏறுகிறது என்றால் கேலி எதற்கு.

செப்டம்பர் 21, ஞாயிறு

நேற்று காலை மிஞ்சிய சோற்றை அரைத்து, சீரகம் பச்சை மிளகாய் சேர்த்து, மாடியில் வேட்டி விரித்து வடகம் வைத்தேன். பத்து வரிசை. இன்று எடுக்கப் போனால் பதினான்கு.

எண்ணியது தப்பாக இருக்கலாம் என்று திரும்ப எண்ணினேன். கடைசி நாலு வரிசை என் கைவேலையே இல்லை. சின்னச் சின்னதாக, ஓரத்தில் விரல் அழுத்திய குழியோடு. ஒரு வரிசை மஞ்சள், ஒரு வரிசை சிவப்பு, ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளை. மஞ்சளில் ஒரு கடலைப் பருப்பு முழுசாக இருந்தது.

அண்ணி கலருக்காக மஞ்சள்தூள் போட்டிருப்பாள். நாலையும் சேர்த்து டப்பாவில் போட்டு மூடினேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் தாரணிக்கு இரண்டாவது தோசை வைக்கப் போனேன். “வயிறு நிறைஞ்சிருக்கும்மா” என்றாள். மாவு மிஞ்சியது. நாளைக்கு ஆயிற்று.

செப்டம்பர் 28, ஞாயிறு

மதியம் குட்டித் தூக்கம் போட்டேன். சாமான் அறையிலிருந்து அரிசி சரிகிற சத்தம். சலசலவென்று, விட்டு விட்டு. அண்ணி என் பக்கத்தில்தான் படுத்திருந்தாள், கண் திறந்தபடி. அவளுக்கும் கேட்டது. எழுந்திருக்கவில்லை.

நான் போய்க் கதவைத் திறந்தேன். தாரணி ட்ரம்மைக் கட்டிக்கொண்டு, அதில் காதை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி பண்றே?”

“ட்ரம்மு கேக்குதும்மா.”

காதால் கேட்கிறதா, வேண்டும் என்று கேட்கிறதா? அவளிடம் விளக்கம் கேட்டிருக்கலாம். “போய்ப் படிடி” என்று விரட்டிவிட்டேன். அறையில் வசம்பு வாசனைக்குக் கீழே வேறொரு வாசனை. காய்ந்த சோற்று வாசனை.

பொட்டு இப்போது ஒரு சாண் கீழே.

அக்டோபர் 3, வெள்ளி

ரெஜினாக்கா கேட்டில் மடக்கினாள். “புள்ளைய டாக்டர்கிட்ட காட்டினியா கோமளா? யூனிபார்ம் தோள்ல நிக்கல பாரு. நேத்து ஒரு பாக்கெட் பிஸ்கட் குடுத்தேன், வாங்கி அப்படியே பைக்குள்ள வச்சிக்கிச்சு. பிரிச்சுத் தின்னுடின்னா தலைய ஆட்டுது.”

“வளர்ற வயசுக்கா. ஒசரமாகுதுல்ல” என்றேன்.

என் கத்தரிச் செடி அவள் மதிலுக்கு மேலே தெரிகிறது. அதுதான் விஷயம். வீட்டுக்கு வந்ததும் உப்பு மிளகாய் எடுத்துத் தாரணிக்குச் சுற்றிப் போட்டேன். மிளகாய் கமறியது. கமறினால் கண் படவில்லை என்பார்கள். பிறகு என்ன என்று தெரியவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

அண்ணியோடு கொத்தவரை வத்தல் போட்டேன். அவள் கையில் ஒற்றைத் தங்க வளையல், நூல் சுற்றி மொத்தமாக்கிப் போட்டிருக்கிறாள். கழன்று விழுந்துவிடுகிறதாம். பேச்சு அண்ணனைப் பற்றிப் போயிற்று. எப்படிப்பட்ட மனுஷர் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

“வேலை போன பெறகும் ஒரு கொறை சொன்னதில்ல கோமளா. கடைசி வரைக்கும் அவருக்கு வயிறு நிறைஞ்சேதான் இருந்துச்சு. அவர் போனப்ப மூணு ட்ரம்மும் வாய் வரைக்கும் அரிசி. பதினாறுக்கு வந்த சனமெல்லாம் அதுலதான் சாப்பிட்டாங்க.”

நல்ல மனுஷர்.

அக்டோபர் 12, ஞாயிறு

தாரணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். எப்போதும் எடுக்கிற எண்ணெயில் பாதிதான் ஆயிற்று. மீதியைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றினேன். கத்தரிக்காய் பதினொன்று பறித்தேன், எல்லாம் நல்ல கனம், ஒன்றில்கூடப் புழு இல்லை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

அவருக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோவில் வந்தார். அரிசி ட்ரம், பருப்பு ட்ரம், வத்தல் டப்பா வரிசை, மாடி எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினேன். அசந்துபோய்விட்டார். “நீ கடையே வச்சிரலாம்” என்றார். “தாரணிய காட்டு” என்றார். புதுப் பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தை மட்டும் காட்டினேன். “ட்ரம் நிறைஞ்சிட்டுதுப்பா, எப்ப வரீங்க?” என்றாள். அவர், “தைக்கு வந்திடறேன்டா குட்டி” என்றார்.

அதிரசம் நாலு தட்டில் வைத்தேன். எல்லார் வீட்டிலும் குழந்தைகள் கேட்டுக் கேட்டுத் தின்னும். என் பெண் தட்டைத் தொடவில்லை. வயிறு நிறைஞ்சிருக்காம். திரும்பிப் பார்ப்பதற்குள் நாலும் காணோம். தின்றுவிட்டாள் என்று எழுதிக்கொள்கிறேன்.

அக்டோபர் 29, புதன்

மழை. கொடியில் துணி காயவில்லை. சாமான் அறைக் கதவு உப்பிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறது. அண்ணி மட்டும் சுலபமாகத் திறக்கிறாள்.

நவம்பர் 5, புதன்

பள்ளியிலிருந்து போன். பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாளாம்.

ஆட்டோ பிடித்து நேரே குழந்தை டாக்டரிடம் போனோம். எடை மேடையில் நிற்க வைத்தார்கள். டாக்டரம்மா அந்த எண்ணையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம் பேசவில்லை, அவளிடம்தான் பேசினார்.

“காலைல என்ன சாப்பிட்டம்மா?”

“வயிறு நிறைஞ்சிருக்கு.”

“சரி, நேத்து ராத்திரி?”

“நிறைஞ்சிருக்கு.”

டாக்டரம்மா சட்டையைத் தூக்கி வயிற்றை அமுக்கிப் பார்த்தார். “உள்ள ஒண்ணுமே இல்லையே கண்ணா” என்றார். தாரணி பதறி எழுந்து தன் கையால் டாக்டர் வாயைப் பொத்தினாள். “அப்படிச் சொல்லாதீங்க டாக்டர். அதுக்குக் கேட்டுடும். அப்பா வர மாட்டாங்க.”

அந்த அறையில் ஃபேன் ஓடியது, வெளியே ஒரு குழந்தை அழுதது. எனக்கு எல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது. எங்கள் வீட்டில் எண்ணெய் நிறைஞ்சிருக்கிறது என்றால் எண்ணெய் இல்லை. கேஸ் நிறைஞ்சிருக்கிறது என்றால் கேஸ் இல்லை. என் பெண் இரண்டு மாதமாகத் தினமும் என்னிடம் பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் மாவை மூடி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 6, வியாழன்

ட்ரிப்ஸ் ஏற்றியிருக்கிறார்கள். ரெஜினாக்கா அவளோடு இருந்தாள். நான் வீட்டுக்குப் போனேன்.

ட்ரம்மைத் தரையில் கவிழ்த்தேன். அரிசியோடு அரிசியாகப் பொட்டலங்கள் விழுந்தன. நோட்டுத் தாளில் மடித்தவை. காய்ந்த இட்லி, நாலாக மடித்துக் காயவைத்த சப்பாத்தி, தோசை, பாதி கடித்து யோசித்து நிறுத்திய ஒரு அதிரசம், பிரிக்காத பிஸ்கட். ஒவ்வொரு தாளிலும் தேதி. தேதிக்குக் கீழே “அப்பாவுக்கு”. கொட்டக் கொட்ட வந்துகொண்டே இருந்தது. பொட்டு எங்கே போயிற்று என்று தேடவில்லை.

அண்ணி நிலைப்படியில் நின்றாள். கத்த வேண்டும் என்று இருந்தேன். “என்ன அண்ணி பண்ணி வச்சிருக்கீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“நான் ஒண்ணும் பண்ணலம்மா. அப்பா எப்ப வருவாருன்னு அழுதுச்சு. ட்ரம்மு நிறைஞ்சா வருவாருன்னேன். ‘நெஜமா நிறையணுமா அத்தை, நம்ம வீட்டு நிறையறதா’ன்னு கேட்டுச்சு. நெஜமாத்தான்னேன். அதுக்கப்புறம் அதுவாத்தான் எடுத்து வைக்க ஆரம்பிச்சுது. டப்பாச் சோத்தக் கொண்டாந்து வடகமா வைக்கச் சொல்லுச்சு.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “சின்னப் புள்ள செய்யுது, பெரியவ நான் செய்யலன்னா எப்படி? நானும் எடுத்து வச்சேன்.”

அவள் முந்தானையை விலக்கிப் பார்த்தேன். நூல் சுற்றிய வளையல் முழங்கைக்கு மேலே ஏறியிருந்தது. தோள்பட்டையில் எலும்பைத் தவிர ஒன்றும் இல்லை. அண்ணன் எதனால் இறந்தார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டிருந்தால் இவள் பொய் சொல்லியிருக்க மாட்டாள். எல்லாவற்றையும் சொல்லித்தான் இருக்கிறாள்.

“இல்லை” என்றேன். அந்த அறைக்குள் நின்று சத்தமாகச் சொன்னேன். “அரிசி இல்லை. பருப்பு இல்லை. வயித்துல ஒண்ணும் இல்லை.” அண்ணி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. தரையில் அரிசி மட்டும் கொஞ்சம் சரிந்தது.

நவம்பர் 8, சனி

அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றார். குழந்தை நினைத்தது நடந்துவிட்டது.

அண்ணியையும் டாக்டரிடம் காட்டினேன். குளித்தலைக்கு அனுப்பிவிடு என்கிறாள் ரெஜினாக்கா. அங்கே யார் இருக்கிறார்கள், காலி வீடு. ஹாலில் கட்டில் போட்டுக் கஞ்சி கொடுக்கிறேன். நான் நிற்கும்வரை குடிக்கிறாள்.

நவம்பர் 11, செவ்வாய்

எல்லாரும் அண்ணியைத்தான் சொல்கிறார்கள். நானும் தலையை ஆட்டுகிறேன்.

இந்த டைரி எனக்கு மட்டும்தான். அதனால் எழுதுகிறேன். அன்று எண்ணெய் தேய்த்தபோது முதுகில் என் விரல் ஒவ்வொரு எலும்பாக ஏறி இறங்கியது. எனக்குத் தெரிந்தது. எண்ணெய் மிச்சம் என்று எழுதினேன், கத்தரிக்காயை எண்ணினேன். மஞ்சள் வடகத்தில் இருந்தது எலுமிச்சைச் சாதத்தில் நான் தாளித்துப் போட்ட கடலைப் பருப்பு என்பதும் அன்றே தெரியும். அதை நானே டப்பாவில் போட்டு மூடினேன். பொட்டு கீழே போகப் போக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் வர வேண்டும் என்று அவளைவிட நான்தான் அதிகம் ஆசைப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

நாளைக் காலை ரயிலில் அவர் வருகிறார். மாடிச் செடிகள் மழையில் ஒரே காய்ப்பு. பறித்து ரெஜினாக்காவுக்குப் பாதியைக் கொடுத்தேன். சாமான் அறையில் இப்போது சைக்கிள் நிற்கிறது.

தாரணிக்கு ஒரேயடியாகக் கொடுக்கக்கூடாது, கேட்கக் கேட்கக் கொடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பத்து நாளாக அவள் எதுவும் கேட்கவில்லை, வைத்ததைச் சாப்பிட்டாள். இன்று மத்தியானம் பருப்புச் சோறு பிசைந்து வைத்தேன். தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இன்னும் கொஞ்சம் போடும்மா. பசிக்குது.”

அந்தச் சொல்லை அவள் வாயால் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று. கரண்டியை எடுத்தேன். பானையில் பாதிக்கு மேல் சோறு இருந்தது. அள்ளினேன். தட்டுக்கு மேலே கொண்டுபோனேன். கை நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது, ராத்திரிக்கு ஆகுமே என்று ஏதோ ஒன்று உள்ளே சொன்னது. எவ்வளவு நேரம் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

தாரணி கரண்டியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மெதுவாகத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“போதும்மா” என்றாள்.

தட்டைத் திரும்ப இழுத்துச் சோற்றைப் போட்டேன். நெய் விட்டேன். “தின்னுடி, நல்லாத் தின்னு” என்று கெஞ்சினேன். அவள் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் விழுங்கினாள்.